ஒப்பந்த ஊழியரை அடித்தால் சட்டம் பாயாதா?

கேள்வி: என் கணவர் கோத்தகிரி பக்கம் ஒரு சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் சோதனை செய்யும் ஒப்பந்த ஊழியர். போன ஞாயிற்றுக்கிழமை, கீழேயிருந்து ஏறி வந்த ஒரு காரில் தண்ணீர் பாட்டில் கேஸை இறக்கச் சொன்னதற்கு இரண்டு பேர் சட்டையைப் பிடித்துத் தள்ளினார்கள். பேரிகார்டு மேல் விழுந்ததில் இடது கை மோதிர விரல் வீங்கிவிட்டது. ஸ்டேஷனில் ஒரு ரசீது மட்டும் கொடுத்தார்கள். சூப்பர்வைசர், ‘நீ கான்ட்ராக்ட் ஆள், அரசு ஊழியரைத் தாக்கிய பிரிவு உனக்கு வராது, மேலே அனுமதியும் வேண்டும்’ என்கிறார். இப்போது ஒருவர் வீட்டுக்கே வந்து, பதினைந்தாயிரம் தருகிறோம், கையெழுத்துப் போடுங்கள் என்கிறார். சட்டம் கடுமையாகிவிட்டதாகச் செய்தியில் சொன்னார்களே, அது எங்களுக்கு உண்டா?

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் ரசீது இருக்கிறது, சூப்பர்வைசர் இருக்கிறார், பதினைந்தாயிரம் இருக்கிறது, எக்ஸ்ரே மட்டும் இல்லை. விரல் வீங்கிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள், முறிந்ததா இல்லையா என்று எழுதவில்லை. இந்தக் கேஸில் பாதி அந்த விரலுக்குள்தான் இருக்கிறது. மீதியைப் பிறகு படிக்கலாம், முதலில் அவரை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் எக்ஸ்ரே எடுங்கள்.

ஏன் என்றால் எலும்பு முறிந்தாலோ பல் உடைந்தாலோ மூட்டு நழுவினாலோ சட்டம் அதைக் கொடுங்காயம் என்கிறது. விரல் எலும்பில் மயிரிழை அளவு விரிசல் என்றாலும் முறிவு முறிவுதான். முறிவே இல்லாமல் 15 நாள் கடும் வலியில் கிடந்தாலும், அன்றாட வேலை பார்க்க முடியாமல் போனாலும்கூட அது கொடுங்காயத்தில் சேரும். பழைய சட்டத்தில் இது 20 நாளாக இருந்தது.

செய்தியில் நீங்கள் கேட்டது சரிதான். 2024 ஜூலை 1 முதல், 1860-ம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் போய், வாயில் நுழையாத பெயரோடு பாரதிய நியாய சன்ஹிதா வந்திருக்கிறது. வேலையில் இருக்கும் பொது ஊழியருக்குக் காயம் ஏற்படுத்தினால் முன்பு அதிகபட்சம் 3 ஆண்டு, இப்போது 121-வது பிரிவில் 5 ஆண்டு. கொடுங்காயம் என்றால் 10 ஆண்டு வரை என்பது பழையபடியே இருக்கிறது, ஆனால் குறைந்தது ஓராண்டு என்று புதிதாகச் சேர்த்துவிட்டார்கள். காயமே இல்லாமல் சட்டையைப் பிடித்து வேலையைத் தடுத்தால் 132-வது பிரிவு, 2 ஆண்டு வரை, அதில் மாற்றம் இல்லை. இவை எதிலும் ஸ்டேஷன் ஜாமீன் கிடையாது.

இனி சூப்பர்வைசர் சொன்னதற்கு வருவோம். நம் ஊரில் அரசு ஊழியர் என்றால் பென்ஷன், அகவிலைப்படி, பொங்கல் போனஸ் என்றுதான் மனசில் ஓடும். இந்தப் பிரிவுகள் பேசுவது ‘பொது ஊழியர்’ பற்றி, அது இதைவிடப் பெரிய வட்டம். அரசிடம் சம்பளம் வாங்குகிறவர், பஞ்சாயத்து, பேரூராட்சி, நகராட்சியிடம் சம்பளம் வாங்குகிறவர், அரசு கம்பெனி ஊழியர் எல்லோரும் அதற்குள் வருவார்கள். அரசு பஸ் கண்டக்டரை அடித்தால் இதே பிரிவு பாய்வது அதனால்தான். நியமன உத்தரவில் கோளாறு இருந்தாலும், அந்த இடத்தில் நிஜமாகவே நின்று அந்த வேலையைச் செய்கிறவர் பொது ஊழியர்தான் என்று சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. நிரந்தரமா தற்காலிகமா என்பது இங்கே பேச்சே இல்லை.

சிக்கல் எங்கே என்றால், சம்பளத்தைப் போடுவது யார் என்பதில். பாஸ்புக்கை எடுத்துப் பாருங்கள். உள்ளாட்சியின் பெயரில் வரவு இருந்தால் கவலை இல்லை. ஆள் சப்ளை செய்யும் ஏஜென்சியின் பெயர் இருந்தால் எதிர்த்தரப்பு வக்கீலின் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும், அதைக் கோர்ட்டில்தான் தீர்க்க வேண்டும். அதற்கு இப்போதே காகிதம் சேர்க்க வேண்டும்: அந்த ஞாயிற்றுக்கிழமை டூட்டி சார்ட், வருகைப் பதிவேட்டின் நகல், ‘நாளைக்கு இந்தச் சாவடியில் நில்லுங்கள்’ என்று அதிகாரி அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, பச்சை ஜாக்கெட் போட்டு நிற்கிற ஒரு போட்டோ. சட்டப் புத்தகத்தில் 3-ஐ 5 ஆக்குவதற்கு ஒரு சொட்டு மை போதும், ஜனவரிப் பனியில் விடியற்காலை கம்பளி சுற்றிக்கொண்டு நிற்கிறவருக்கு ஒரு அடையாள அட்டை அடித்துக் கொடுக்க மட்டும் இவர்களுக்கு எத்தனை வருஷம் வேண்டுமோ!

கோர்ட் கடைசியில் அவரைப் பொது ஊழியர் இல்லை என்றே சொன்னாலும் எல்லாம் போய்விடாது. யாரை அடித்தாலும் கொடுங்காயம் கொடுங்காயம்தான், அதற்கு 117-வது பிரிவில் 7 ஆண்டு வரை உண்டு. தள்ளியதில் முறிந்ததா, முறிக்க வேண்டும் என்றே தள்ளினார்களா என்று அவர்கள் வாதிடுவார்கள், வாதிடட்டும். முறிவு இல்லை என்றால் வெறும் காயம், ஓராண்டு வரைதான். மறுபடியும் எக்ஸ்ரேதான் பாருங்கள்.

‘மேலே அனுமதி வேண்டும்’ என்பதும் அரைகுறைப் பேச்சு. வேலைக்கு இடைஞ்சல் செய்ததாக ஒரு சின்னப் பிரிவு இருக்கிறது, 3 மாதம் வரை தண்டனை, அதற்குத்தான் சம்பந்தப்பட்ட ஊழியரோ மேலதிகாரியோ கோர்ட்டுக்கு எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். 121-க்கும் 132-க்கும் அடிபட்டவரே நேராக ஸ்டேஷனில் புகார் கொடுக்கலாம்.

சரி, அந்தப் பதினைந்தாயிரம். எனக்குக் கோபம் வருகிற இடம் இது.

வீட்டுக்கு வருகிறவர் நல்ல வார்த்தைதான் பேசுவார். அவங்க பெரிய இடம், நீங்க வாய்தா வாய்தாவாக ஊட்டிக்கும் கோத்தகிரிக்கும் அலையணும், ஒரு நாள் கூலி போகும், வேலையும் போகும், எதுக்கும்மா, ராஜியாகப் போயிடலாம் என்பார். பையில் இருபது ரூபாய்ப் பத்திரம் ஒன்று தயாராக இருக்கும். கீழே கையெழுத்துக்கு இடம் விட்டு மேலே வெறுமையாக இருக்கும், ‘அப்புறம் டைப் அடிச்சுக்கறோம்’ என்பார். அந்த ‘அப்புறத்தில்’ உங்கள் கணவர் குடித்திருந்தார், தானே கால் தடுக்கி விழுந்தார், முன்விரோதத்தில் புகார் கொடுத்துவிட்டார் என்று எது வேண்டுமானாலும் ஏறும். நான் பார்த்த ஒரு பத்திரத்தில், அடித்தவரிடமே மன்னிப்புக் கேட்பதாக எழுதியிருந்தது.

இதில் அவர் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. 121, 132 இரண்டுமே ராஜியாகப் போகக்கூடிய குற்றங்கள் இல்லை. நீங்களும் அவர்களும் கட்டிப்பிடித்துக்கொண்டாலும் இங்குள்ள மாஜிஸ்திரேட்டால் கேஸை மூட முடியாது, சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய் ரத்து செய்யக் கேட்க வேண்டும், அதுவும் நீதிபதி மனது வைத்தால்தான். அப்படியானால் அந்தக் கையெழுத்து எதற்கு? கூண்டில் உங்கள் கணவரைச் சொன்னதை மாற்றிச் சொல்லவைத்து, பிறழ் சாட்சி ஆக்குவதற்கு. இதைவிட மோசமாக இன்னொன்றும் இருக்கிறது. ராஜியாகப் போக முடியாத குற்றத்தை மூடி மறைக்கப் பணம் வாங்குவது 250-வது பிரிவில் தனிக் குற்றம், கொடுப்பது 251-ல் குற்றம். அதாவது அடிபட்டவர் பதினைந்தாயிரம் வாங்கிக்கொண்டு தானும் குற்றவாளி ஆகிறார். புரோக்கர் தன் கமிஷனோடு மேட்டுப்பாளையம் இறங்கிப் போய்விடுவார். ‘கேஸ் நடத்த ஐயாயிரம் கொடுங்க’ என்று வருகிற இன்னொரு வகையும் உண்டு, அவரையும் வாசலோடு அனுப்பிவிடுங்கள். இந்தக் கேஸை நடத்துவது அரசு, வாதாடுவது அரசு வழக்கறிஞர், உங்களுக்கு ஃபீஸ் கிடையாது.

இந்த ஆட்கள் ஏன் இவ்வளவு சீக்கிரம் வீடு தேடி வருகிறார்கள் தெரியுமா? உங்கள் கையில் இருப்பது சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகார் வந்து சேர்ந்தது என்பதற்கான சீட்டு, எஃப்.ஐ.ஆர். இல்லை. புதிய நடைமுறைச் சட்டத்தில், 3 ஆண்டும் அதற்கு மேலும் ஆனால் 7 ஆண்டுக்குக் குறைவாகவும் தண்டனை உள்ள குற்றம் என்றால், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் முதல்கட்ட விசாரணை செய்துவிட்டு எஃப்.ஐ.ஆர். போடலாம் என்று ஒரு வழி வைத்திருக்கிறார்கள். வெறும் காயத்துக்கு 5 ஆண்டு என்பதால் அந்த வழி திறந்திருக்கிறது. அந்த 14 நாள்தான் கட்டப்பஞ்சாயத்துக்குச் சீசன். முறிவு என்றால் 10 ஆண்டு வரையிலான குற்றம், அந்த 14 நாள் பேச்சுக்கே இடமில்லை, உடனே எஃப்.ஐ.ஆர். போட்டாக வேண்டும். போட்டால் நகல் ஒன்று உங்களுக்கு இலவசமாகத் தர வேண்டும். போட மறுத்தால் புகாரை எழுதி எஸ்.பி.க்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள், அங்கேயும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு.

மருத்துவமனையில் ஒரு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். டாக்டர் ஏ.ஆர். என்கிற விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்: எத்தனை பேர், எதனால், எங்கே, எத்தனை மணிக்கு என்று நாலு வரி. அதை அவர் நீங்கள் சொல்வதை வைத்துத்தான் எழுதுவார். பல வருஷத்துக்கு முன்னால் என்னிடம் வந்த ஒரு காவலாளி, போலீஸ் கேஸ் என்றால் ரொம்ப நேரம் உட்கார வைப்பார்கள் என்று கூட வந்தவர் சொன்னதைக் கேட்டு, ‘படிக்கட்டில் வழுக்கிட்டேன்’ என்று சொல்லிவிட்டார். இரண்டரை வருஷம் கழித்து எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஒரு வரியைத்தான் வாசித்தார். வேறு எதையும் வாசிக்கத் தேவைப்படவில்லை. ஏற்கெனவே உங்கள் கணவர் எங்காவது காட்டியிருந்தால் அங்கே என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். எழுதாமலே களிம்பு மட்டும் கொடுத்து அனுப்பியிருந்தால், நடந்ததை நடந்தபடி சொல்லி இப்போது எழுதச் சொல்லுங்கள். தாமதத்துக்குக் காரணத்தையும் சேர்த்தே சொல்லுங்கள்.

அடித்தவர்கள் யார் என்று தெரியாதே என்று போலீஸ் சொன்னால் நம்பாதீர்கள். உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் மலை ஏறும் வெளியூர் வண்டிக்கெல்லாம் இ-பாஸ் இருக்கிறது, அதில் வண்டி நம்பரும் போன் நம்பரும் உண்டு. வழக்கமாகச் சுற்றுலாப் பயணிகள் சலித்துக்கொள்ளும் அந்த இ-பாஸ் இந்த ஒரு விஷயத்தில் உங்களுக்குச் சாட்சி. கேமரா பதிவு சில நாளில் தானாக அழிந்துவிடும், ஆகவே தேதியும் நேரமும் போட்டு, பதிவைப் பாதுகாக்க வேண்டும் என்று ஸ்டேஷனுக்கும் சாவடிக்கும் இன்றே எழுதிக் கொடுத்து முத்திரை வாங்குங்கள்.

இனிமேல் கேட்பது உங்களிடம் இல்லை, உங்கள் கணவரிடம். இந்தப் பிரிவு பாய வேண்டுமானால் அவர் செய்தது சட்டப்படியான வேலையாக இருக்க வேண்டும், அடியும் அந்த வேலையை ஒட்டி விழுந்திருக்க வேண்டும். சாவடியில் நிற்கும்போது சீட்டுப் பணத் தகராறில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து அறைந்தால், போட்டிருப்பது டூட்டி ஜாக்கெட் என்பதற்காக 121 வராது, அது சொந்தச் சண்டை. மாறாக, ஞாயிற்றுக்கிழமை பாட்டிலைப் பிடுங்கினார் என்பதற்காகச் செவ்வாய்க்கிழமை டீக்கடையில் வைத்து அடித்தால், அன்று அவருக்கு லீவாகவே இருந்தாலும் 121 வரும், ஏனென்றால் காரணம் வேலை. இதெல்லாம் நிறையப் பேருக்குத் தலைகீழாகத்தான் தெரிந்திருக்கிறது. அப்புறம் பாட்டில் கேஸை இறக்கச் சொன்னது வேலை, ஆனால் ‘ஒரு ஐம்பது கொடுத்துட்டுப் போங்க’ என்று ரசீது இல்லாமல் கேட்டிருந்தால் அது வேலை இல்லை. அவர் முதலில் கை நீட்டியிருந்தாலும், கெட்ட வார்த்தை பேசியிருந்தாலும் காரில் இருந்தவர்களின் போனில் வீடியோ இருக்கும். ஐம்பது ரூபாய் கேட்டதற்காக விரலை முறிக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை, அப்போதும் 117 நிற்கும், ஆனால் 121 ஆட்டம் காணும். உங்கள் கணவர் கேட்டிருப்பார் என்று நான் சொல்ல வரவில்லை. கேட்டாரா இல்லையா என்பது கோர்ட்டில் அவர்கள் வாயிலிருந்து முதலில் வரக் கூடாது, வக்கீலிடம் உங்கள் வாயிலிருந்து வர வேண்டும்.

முறிவு இல்லாத பட்சத்தில் அவர்களை உடனே கைது செய்யாமல் நோட்டீஸ் கொடுத்து வரச் சொல்லலாம், அதைப் பார்த்துப் போலீஸ் விலை போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள், 7 ஆண்டு வரையிலான குற்றங்களுக்கு நடைமுறையே அதுதான். இழப்பீட்டுக்கு நேரான வழியும் இருக்கிறது, தீர்ப்போடு கோர்ட் உத்தரவிடலாம், மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவிலும் மனு கொடுக்கலாம். கணவருக்கு இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால் சம்பளச் சீட்டோடு அங்கேயும் கேளுங்கள். ஆலோசனைக்கு இலவச வக்கீல் வேண்டுமென்றால் 15100-க்குப் போன் செய்யுங்கள்.

வந்தவர் ‘சும்மா வச்சுக்கோங்க’ என்று ஆயிரமோ இரண்டாயிரமோ முன்பணமாகக் கொடுத்துவிட்டுப் போயிருந்தால் அந்த நோட்டுகளைத் தொடாமல் ஒரு கவரில் போட்டு, என்றைக்கு யார் கொடுத்தது என்று மேலே எழுதி, வக்கீலைப் பார்க்கப் போகும்போது எக்ஸ்ரேயோடு அதையும் எடுத்துக்கொண்டு போங்கள்.