காப்பீட்டு அட்டை இருந்தும் நகை அடகுக்குப் போனது ஏன்?

கேள்வி: எம்.ஏ. பொருளாதாரம் இறுதியாண்டு படிக்கிறேன். அம்மாவின் ஆபரேஷனுக்குக் காப்பீட்டு அட்டை இருந்தும் நகையை அடகு வைத்தோம். அதிலிருந்து சுகாதாரப் பொருளியல் படிக்க ஆசை. பேராசிரியர் ஆவதா, உலக வங்கி, உலக சுகாதார நிறுவனம் மாதிரி இடங்களுக்குப் போவதா? அப்பா பேங்க் எக்ஸாம் எழுதச் சொல்கிறார்.
- வாசகி, பாலக்கோடு

பதில்: அன்பு மகளே, உன் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த நகைதான். ஆபரேஷனுக்கு அட்டை இருந்தது. பஸ், சாப்பாடு, துணைக்கு இருந்தவர் இழந்த கூலி? இந்தக் கணக்கைப் போடுவதுதான் நீ ஆசைப்படும் துறை.

பாலக்கோடு மண்டியில் தக்காளியைப் பார்த்து, விலை பேசி வாங்கலாம். வைத்தியத்தை அப்படி வாங்க முடியாது. நோய் எப்போது வரும் என்று தெரியாது. வந்தபின் என்ன சிகிச்சை தேவை என்பது டாக்டருக்குத் தெரிந்த அளவு நமக்குத் தெரியாது. 1963இல் அமெரிக்கப் பொருளியலாளர் கென்னத் ஆரோ இதை விளக்கி எழுதிய கட்டுரைதான் இத்துறைக்கு அடித்தளம்.

பேராசிரியர் வேலையா, பன்னாட்டு அமைப்பா என்று இப்போதே முடிவு கட்டாதே. வேலூரில் பிறந்த மால்கம் ஆதிசேஷையாவின் துறை கல்வி என்றாலும் அவர் போன பாதையைப் பார். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்தார், ஐ.நா.வின் கல்வி, பண்பாட்டு அமைப்பான யுனெஸ்கோவில் துணைத் தலைமை இயக்குநர் ஆனார், ஊர் திரும்பி 1971இல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். ஆனால், முதலில் பிஎச்.டி. முடித்துவிடு என்பேன். பன்னாட்டு அமைப்புகளில் பல வேலைகள் ஒப்பந்த வேலைகள்; ப்ராஜெக்ட் பணம் தீர்ந்தால் வேலையும் போகும். அப்போது தாங்குவது பட்டமும் ஆய்வும்தான்.

ஆய்வுக்குத் தலைப்பு தேடி நீ வெளியூர் போக வேண்டாம். 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் உன் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. பி.பி., சுகர் மாத்திரை வீடு தேடி வந்தால் ஒரு கூலிக் குடும்பத்துக்கு மாதம் என்ன மிச்சமாகும்? ஃப்ளூரைடு தண்ணீரால் பல்லும் எலும்பும் கெட்ட ஊர்களுக்காக, ஜப்பான் கடனுதவியோடு வந்தது ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம். 2013இல் திறந்த பிறகு அந்தக் குடும்பங்களின் வைத்தியச் செலவு என்ன ஆனது? இப்படி ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு பத்து வீடு ஏறி இறங்கு. மத்திய அரசு வீடு வீடாக எடுக்கும் தேசிய மாதிரி ஆய்வின் மருத்துவச் செலவுத் தரவுகளை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அந்தத் தரவுகளை அலச உதவும் 'ஆர்' என்ற புள்ளியியல் மென்பொருளும் இலவசம்தான்.

அப்பாவின் கவலை நியாயமானது, கோபப்படாதே. யுஜிசி நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வாளர் தகுதி கிடைத்தால், பிஎச்.டி. செய்யும்போது முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. இறுதியாண்டு மாணவர்களும் எழுதலாம். இன்று ராத்திரி அவர் சாப்பிட்டு உட்கார்ந்ததும் இந்தக் கணக்கைச் சொல். அடகு நகையை எப்போது மீட்கலாம் என்பதையும் இரண்டு பேரும் சேர்ந்தே கணக்குப் போடுங்கள்.