நகைக்கடனைப் புதுப்பிக்கும்போது கிடைக்கும் பணத்தில் அந்தமான் போகலாமா?

கேள்வி: நாங்கள் திருப்பூரில் வசிக்கிறோம். கணவர் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறார்; நான் ஒரு மருத்துவமனையின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். இருவருக்கும் சேர்த்து மாதம் 84,000 ரூபாய் கைக்கு வருகிறது. வாடகை, மகளின் பள்ளிக் கட்டணம், வண்டிக் கடன், வீட்டுச் செலவு எல்லாம் போக 14,000 ரூபாய் வரை மிஞ்சும். அதுவும் ஏதோ ஒன்றில் கரைந்துவிடும். 2022 ஆகஸ்டில் நாத்தனார் திருமணத்துக்காக என் நகை 10 சவரனை வங்கியில் வைத்து 2 லட்சம் ரூபாய் வாங்கினோம். அதன் பிறகு ஒவ்வோர் ஆகஸ்டிலும் பக்கத்து வீட்டில் ஒருநாள் கைமாற்று வாங்கி வட்டியைக் கட்டுவோம். கடனைப் புதுப்பித்ததும் வருகிற கூடுதல் தொகையிலிருந்து கைமாற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மீதியில் எங்காவது கடற்கரைக்குப் போய் வருவோம். கோவா, பெந்தோட்டை, லங்காவி என்று மூன்று பயணங்கள் அப்படித்தான் போனோம். இப்போது கடன் 4.5 லட்சம். வருகிற செப்டம்பரில் எங்கள் பத்தாவது திருமண நாள். மகளை அம்மாவிடம் விட்டுவிட்டு நாங்கள் இருவர் மட்டும் ஆறு இரவுகள் அந்தமானில் ஓய்வாக இருந்துவிட்டு வரலாம் என்று நினைக்கிறோம். செலவு 1,35,000 ரூபாய் ஆகும். இந்த ஆகஸ்டில் கடனை 6.3 லட்சமாக உயர்த்தித் தர முடியும் என்கிறார்கள். பயண முகவரோ கிரெடிட் கார்டில் வட்டியில்லாத் தவணை உண்டு என்கிறார். விடுமுறை கிளப்பில் உறுப்பினராகும்படியும் வற்புறுத்துகிறார். 'தங்கம் ஏறுகிற வேகத்துக்கு 9.5 சதவீத வட்டி ஒரு பொருட்டே இல்லை' என்பது கணவரின் கட்சி. எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. லங்காவியில் எடுத்த படங்களில் நான் போட்டிருப்பது கவரிங் வளையல்.

பதில்: உங்கள் கடிதத்தோடு வந்த நான்கு நகைக்கடன் சீட்டுகளின் நகல்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன். நான்கிலும் அதே நகைகள்: ஆரம் ஒன்று, வளையல் நான்கு, ஜிமிக்கி ஒரு ஜோடி, கல்லும் அரக்கும் கழித்து நிகர எடை 80.000 கிராம். நான்கு ஆண்டுகளாக ஒரு குன்றிமணி கூட மாறாத அந்த எடைக்கு எதிரே, கடன் தொகை மட்டும் 2,00,000, 2,70,000, 3,50,000, 4,50,000 என்று ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. நாத்தனார் திருமணத்துக்கு வாங்கிய முதல் கடனைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. குடும்பத்தில் ஒரு பெண்ணின் கல்யாணத்துக்கு நகை வங்கிக்குப் போவது நம் வீடுகளில் நடப்பதுதான். அதற்குப் பிறகு ஒவ்வோர் ஆகஸ்டிலும் நீங்கள் செய்துவரும் காரியம்தான் உங்கள் தூக்கத்தைக் கெடுக்கிறது.

அந்தக் காரியத்தை எண்களாக எழுதிப் பார்ப்போம். 2023-ல் கடன் 70,000 ரூபாய் கூடியது. அதில் 19,000 முந்தைய ஆண்டின் வட்டிக்குப் போனது. கோவாவுக்கு மிஞ்சியது 51,000. 2024-ல் 80,000 கூடியது. வட்டிக்கு 25,650 போக, பெந்தோட்டைக்கு 54,350. 2025-ல் ஒரு லட்சம் கூடியது. வட்டி 33,250 போக, லங்காவிக்கு 66,750. ஆக மூன்று ஆண்டுகளில் கடன் 2,50,000 ரூபாய் கூடியிருக்கிறது. அதில் பயணங்களுக்காக உங்கள் கைக்கு வந்தது 1,72,100 ரூபாய்தான், மீதி 77,900 ரூபாயை வட்டி தின்றிருக்கிறது. நாத்தனார் திருமணத்துக்கு வாங்கிய 2 லட்சத்தில் ஒரு ரூபாய்கூட இன்னும் அடையவில்லை. வட்டியைத் தவறாமல் கட்டிவருவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வட்டியை நீங்கள் கட்டவில்லை. புதிய கடன் கட்டியிருக்கிறது. கைமாற்று கொடுத்த பக்கத்து வீட்டார் ஒருநாள் இடைவெளியை நிரப்பினார்கள், அவ்வளவே. இந்த ஆகஸ்டிலும் இதே வழியில் போனால், கூடும் 1,80,000 ரூபாயில் 42,750 வட்டிக்குப் போய் 1,37,250 கைக்கு வரும். அந்தமான் செலவுக்குக் கச்சிதமாகப் பொருந்துகிற அந்தத் தொகைக்கு விலையாக, அடுத்த ஆண்டு வட்டி மட்டும் 59,850 ரூபாய், அதாவது மாதம் ஏறக்குறைய 5,000 ரூபாய், உங்கள் தலையில் ஏறும்.

இனி உங்கள் கணவரின் வாதத்துக்கு வருகிறேன், ஏனென்றால் பல வீடுகளில் இதே வாதத்தைக் கேட்கிறேன். 2022 ஆகஸ்டில் 40,000 ரூபாய்க்குள் இருந்த சவரன் 2025 ஆகஸ்டில் 75,000 ரூபாயை ஒட்டி வந்தது உண்மை. ஆனால் அந்த ஏற்றம் உங்கள் நகை உங்கள் பீரோவில் இருந்திருந்தாலும் உங்களுக்குக் கிடைத்திருக்கும். கடன் வாங்கியதால் அது வரவில்லை. கடன் வாங்கிய பணத்தில் இன்னொரு சவரன் வாங்கியிருந்தால், விலையேற்றத்தையும் வட்டியையும் எதிரெதிரே வைத்து ஒப்பிடுவதில் பொருள் இருக்கும். உங்கள் பணம் விமானச் சீட்டுக்கும் விடுதிக்கும் போனது, அங்கே ஏறுவதற்கு எதுவும் இல்லை. விலை ஏறியபோது வங்கி கூடுதலாகக் கொடுத்த பணத்தை இருவரும் ஆண்டுக்கு ஒருமுறை வரும் போனஸைப் போல எண்ணிப் பழகிவிட்டீர்கள். அது வருமானம் இல்லை, உங்கள் நகையின் விலையேற்றத்தை நீங்களே 9.5 சதவீத வட்டிக்கு வாங்கிச் செலவழிப்பது.

இதில் இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் ரிசர்வ் வங்கி விதிகளின்படி, 5 லட்சம் ரூபாயைத் தாண்டும் நகைக்கடன் நகை மதிப்பில் 75 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. ஆண்டு முடிவில் மொத்தமாகக் கட்டும் கடன் என்றால், அசலோடு ஆண்டு வட்டியையும் சேர்த்துத்தான் அந்த வரம்பைக் கணக்கிடுவார்கள். 6,30,000 ரூபாயோடு வட்டி சேர்ந்தால் ஏறக்குறைய 6,90,000. அது 75 சதவீதமாக இருக்க வேண்டுமானால் நகையின் மதிப்பு 9,20,000 ரூபாய் வேண்டும், அதாவது சவரனுக்கு 92,000. அடுத்த ஆகஸ்டில் விலை அதற்குக் கீழே இருந்தால், அதே தொகைக்குப் புதுப்பிக்க வழியில்லாமல், இடைவெளியை ரொக்கமாக நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். தங்கம் இறங்கவே இறங்காது என்று நினைப்பவர்கள் 2013 ஏப்ரலை மறந்துவிடுகிறார்கள். அப்போது உலகச் சந்தையில் இரண்டே வணிக நாள்களில் தங்கம் 10 சதவீதத்துக்கும் மேல் சரிந்தது. இப்போது இருக்கும் 4.5 லட்சம் அந்த மாதிரிச் சரிவைத் தாங்கும். 6.3 லட்சம் தாங்குமா என்பது சந்தையின் கையில் இருக்கும், உங்கள் கையில் இருக்காது.

முகவர் சொன்ன இரண்டு திட்டங்களையும் சுருக்கமாகவே பார்த்தால் போதும். வட்டியில்லாத் தவணை என்பதில், முழுப் பணம் கட்டுவோருக்குக் கிடைக்கும் தள்ளுபடியை உங்களுக்குத் தராமல் வட்டியாக மாற்றி வைத்திருப்பார்கள். அதற்கு மேல் பரிசீலனைக் கட்டணமும், வட்டிப் பகுதிக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் உண்டு. விடுமுறை கிளப்பில் பல ஆண்டுகளுக்கான பணத்தை முன்கூட்டியே கொடுத்துவிட்டு, ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணமும் கட்டி, நீங்கள் கேட்கும் தேதியில் அறை இருக்கிறதா என்று காத்திருக்க வேண்டும். விமானக் கட்டணமும் உணவும் அதில் சேராது. கடனைக் குறைக்க வேண்டிய நேரத்தில் இரண்டும் உங்களுக்கு வேண்டாம்.

பயணம் போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பத்து ஆண்டுகள் இருவரும் உழைத்து ஒரு வீட்டை நடத்தியிருக்கிறீர்கள். ஒரு வாரம் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் செப்டம்பர் மாதத்தை விட்டுவிடுங்கள். தென்மேற்குப் பருவமழை இன்னும் ஓயாத மாதம் அது. கடல் கொந்தளிப்பால் ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து, அதாவது பழைய போர்ட் பிளேரிலிருந்து, ஸ்வராஜ் தீவுக்கு (பழைய ஹேவ்லாக்) போகும் கப்பல்கள் ரத்தாவதும், நீருக்கடியில் பார்வை மங்குவதும் அப்போது சாதாரணம். முகவர் செப்டம்பரில் விலை குறைவு என்று சொல்லியிருப்பார். குறைவாக இருப்பதற்குக் காரணமே அதுதான். பிப்ரவரியில் போனால் கடல் அமைதியாக இருக்கும். விடுதிக் கட்டணம் சற்றுக் கூடினாலும், மழையில் அறைக்குள் அடைபட்டுக் கிடக்கும் நாள் ஒன்றுக்கு நீங்கள் கொடுக்கும் பணத்தைவிட அது குறைவுதான்.

நீங்கள் அனுப்பிய செலவுப் பட்டியலில் கோவையிலிருந்து இரண்டு விமானங்கள் மாறிப் போய்வர 38,000, ஸ்வராஜ் தீவில் கடற்கரை ஓர விடுதியை மையமாக வைத்துத் தங்குவதற்கு 42,000, ஒருநாள் சுற்றுலாக்களுக்கு 28,000, படகுக்கும் சாப்பாட்டுக்கும் 27,000 என்று இருக்கிறது. இதில் நான் முதலில் கை வைப்பது ஒருநாள் சுற்றுலாக்களில். ஓய்வுக்காகப் போவதாக எழுதியிருக்கும் நீங்கள், ஐந்து நாள்களும் அதிகாலையில் எழுந்து ஓடும்படி ஒரு திட்டத்தை வாங்கியிருக்கிறீர்கள். பாராடாங் சுண்ணாம்புக் குகைகளுக்குப் போவது என்றால் விடியுமுன் ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வரிசையில் நின்று, ஜாரவா பழங்குடியினரின் காப்புக்காட்டு வழியே வாகன அணியோடு சென்று, மாலையில் அலுத்துத் திரும்புவது. அதை எடுத்துவிடுங்கள். எலிஃபன்ட் கடற்கரையில் பவளப்பாறை பார்ப்பதற்கு ஒரு நாள், செல்லுலார் சிறைக்கு ஒரு பிற்பகல், இரண்டும் போதும். ராதாநகர் கடற்கரையின் மாலைப்பொழுதுக்கு வழிகாட்டியும் வேண்டாம், படகும் வேண்டாம். இரண்டு மாலைகள் அங்கே போய் உட்காருங்கள்.

இரவு ரயிலில் சென்னை போய் அங்கிருந்து நேர் விமானம் பிடித்தால், முன்கூட்டியே பதிவு செய்யும் பட்சத்தில், இருவருக்கும் போய்வர 24,000 ரூபாய்க்குள் முடிக்கப் பாருங்கள். ஐந்து இரவுகளுக்கு 3,500 ரூபாய் வாடகையில் 17,500, படகுக்கும் சுற்றுலாவுக்கும் 18,000, சாப்பாட்டுக்கு 10,000. ஏறக்குறைய 70,000 ரூபாயில் இது முடியும். அந்தப் பணம் எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். கணவருக்குத் தீபாவளி போனஸ் 45,000 வருவதாகச் செலவுப் பட்டியலின் கடைசி வரியில் போகிற போக்கில் குறிப்பிட்டிருந்தீர்கள். அதோடு செப்டம்பர் முதல் ஜனவரி வரை மாதம் 5,000 வீதம் சேரும் 25,000. விமானச் சீட்டைப் போனஸ் வந்ததும் நவம்பரில் வாங்குங்கள். அதற்காகத் தனியாகக் கடன் எதுவும் வேண்டாம்.

ஆனால் ஆகஸ்டில் கட்ட வேண்டிய 42,750 ரூபாய் வட்டி இந்த முறை உங்கள் சம்பளத்திலிருந்து வர வேண்டும். மாதம் 14,000 மிஞ்சுவதாகச் சொல்கிறீர்கள். ஆகஸ்டுக்கு முன் இருக்கும் மூன்று மாதங்களில் அது 42,000 ஆகிறது. விமானச் சீட்டை இப்போதே வாங்கினால் இந்தத் தொகையில் இடைவெளி விழும். அதனால்தான் சீட்டை நவம்பருக்குத் தள்ளிப்போடச் சொல்கிறேன்; விலை சில ஆயிரங்கள் கூடினாலும் பரவாயில்லை என்று வட்டியை முதலில் கட்டுங்கள். பக்கத்து வீட்டுக் கதவை இந்த முறை தட்டாதீர்கள். கூடுதலாக எவ்வளவு தருவார்கள் என்று வங்கியில் கேட்கவும் வேண்டாம், 4.5 லட்சத்தைத் தாண்டி ஒரு ரூபாய்கூட எழுத வேண்டாம் என்று கையெழுத்துப் போடும் முன் சொல்லிவிடுங்கள்.

புதுப்பிக்கும்போது ஒரு காரியம் செய்யுங்கள். நகைகள் எல்லாம் ஒரே சீட்டில் இருப்பதால், 4.5 லட்சத்தையும் கட்டினால்தான் ஒரு நகையாவது வெளியே வரும் என்ற நிலை இருக்கிறது. பலரும் அசல் கட்டும் முயற்சியைக் கைவிடுவது இந்த மலைப்பில்தான். ஆரத்துக்கு 2,25,000, வளையல்களுக்கு 1,80,000, ஜிமிக்கிக்கு 45,000 என்று மூன்று தனிக் கடன்களாக எழுதித் தரும்படி கேளுங்கள். மூன்று சீட்டிலும் நிகர எடை முறையே 40, 32, 8 கிராம் என்று இருக்கிறதா, இடையில் அசல் கட்டக் கட்டணம் இல்லை என்று எழுதியிருக்கிறதா என்பதைக் கவனமாகப் படித்துப் பாருங்கள். செப்டம்பரிலிருந்து பயணத்துக்கு எடுத்துவைக்கும் 5,000 போக மீதி 9,000 ரூபாயை ஒவ்வொரு மாதமும் ஜிமிக்கிக் கடனில் மட்டும் கட்டி வந்தால், ஐந்து மாதங்களில் 45,000 ரூபாய் ஆகிறது; வட்டியாக ஆயிரத்துச் சொச்சம் சேர்த்துக் கொடுத்து ஜனவரி கடைசியில் அதை மீட்டுவிடலாம். பயணம் முடிந்த பிறகு மாதம் 14,000 முழுவதும் கடனுக்கே போனால், அடுத்து வளையல்களும் அதற்குப் பின் ஆரமும் வீட்டுக்கு வந்து சேர, இன்றைய கணக்கில் மொத்தம் மூன்று ஆண்டுகளும் சில மாதங்களும் ஆகும். அடுத்தடுத்த போனஸ்களில் பாதியைச் சேர்த்தால் இன்னும் சில மாதங்கள் குறையும்.

கணவரோடு உட்கார்ந்து அந்த நான்கு சீட்டுகளையும் ஒருமுறை அடுத்தடுத்து வைத்துக் காட்டுங்கள். இந்த ஒழுங்கில் போனால், பிப்ரவரியில் ராதாநகர் கடற்கரையில் எடுக்கும் படத்தில் உங்கள் காதில் இருப்பது உங்கள் சொந்த ஜிமிக்கியாக இருக்கும்.