பச்சைத்தண்ணீரை மூடிப் பாருங்கள்

நுவரெலியாப் பக்கம் நான்கு அறைகளோடு ஹோம்ஸ்டே நடத்தும் ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: கூரையில் சோலார் ஹீட்டர், குளியலறைக்குப் போகும் வழியில் சுடுதண்ணீரையும் பச்சைத்தண்ணீரையும் கலந்து ஒரே சூட்டில் விடும் தெர்மோஸ்டாட் வால்வு. மழை தொடங்கியதிலிருந்து ஷவரில் தண்ணீர் திடீரென்று கொதிக்கிறது, பிறகு ஜில்லென்று ஆகிறது. வேலைக்கு வந்த பாஸ் வால்வைக் கழற்றி வீசிவிட்டு ஹீட்டர் சூட்டைக் குறைக்கச் சொல்கிறாராம். செய்யலாமா?

தயவுசெய்து இரண்டையும் செய்யாதீர்கள். வெயில் நாளில் சோலார் டாங்கித் தண்ணீர் 70 பாகை தாண்டும். 60 பாகைத் தண்ணீரே ஐந்து விநாடியில் பெரிய ஆளின் தோலை வேகவைத்துவிடும், குழந்தைக்கு அந்த நேரமும் வேண்டாம். அதற்காக டாங்கியை 40, 45 பாகையில் வைத்தால் நிமோனியாக் காய்ச்சல் தரும் லெஜியோனெல்லா கிருமி வளர அதுவே வசதியான சூடு. டாங்கியில் 60, ஷவரில் அதிகபட்சம் 41, இந்த இரண்டையும் ஒன்றாகச் சாத்தியமாக்குவதே அந்த வால்வுதான்.

அதற்குள் ஒரு மெழுகுக் குப்பி இருக்கிறது. சூடு பட்டால் மெழுகு விரிந்து சுடுதண்ணீர் வழியை நெருக்கும், ஆறினால் சுருங்கித் திறந்துவிடும், அவ்வளவுதான். யாழ்ப்பாணத்தில் இதைக் கெடுப்பது சுண்ணாம்புப் படிவு. நம் மலைத் தண்ணீரில் அது குறைவு, ஆனால் பீலியிலிருந்தும் ஊற்றிலிருந்தும் கறுப்புப் பைப்பில் இறங்கி வருகிற தண்ணீர் மழைக்காலத்தில் மண், மணல், அழுகிய இலை எல்லாவற்றையும் சேர்த்துத்தான் கொண்டுவரும். பச்சைத்தண்ணீர் நுழையும் இடத்திலுள்ள சிறிய வலை அடைபட்டால் சுடுதண்ணீர் மேலோங்கும். மழையோடு தொடங்கியது என்கிறீர்களே, என் முதல் சந்தேகம் அதன்மேல்தான்.

சுடுதண்ணீர், பச்சைத்தண்ணீர் இரண்டு பைப்பிலும் உள்ள அடைப்பு வால்வுகளை மூடி, ஷவரைத் திறந்து அழுத்தத்தை இறக்கிவிட்டு வலையைக் கழற்றுங்கள். பழைய பல்துலக்கும் பிரஷ் போதும், கம்பி பிரஷ் வேண்டாம். ரப்பர் வளையத்துக்குத் தேங்காய் எண்ணெயோ வேசலினோ பூசும் பழக்கம் நம் ஆட்களிடம் இருக்கிறது, அந்த ரப்பர் பெரும்பாலும் எண்ணெயில் ஊதிப்போகிற வகை, சிலிக்கன் கிரீஸ் மட்டும் பூசுங்கள்.

அடுத்தது அழுத்தம். ஊற்றுத் தொட்டி 40 மீற்றர் மேலே என்றால் பச்சைத்தண்ணீர் 4 பார் அழுத்தத்தில் வரும், கூரை டாங்கி 3 மீற்றர் உயரத்திலிருந்து கொடுப்பது 0.3 பார்தான். இப்படி ஏறுக்குமாறாக இருந்தால் எந்த வால்வும் தடுமாறும். கூரை டாங்கியின் காற்றுக்குழாயில் காரணமில்லாமல் தண்ணீர் வழிகிறதா பாருங்கள். வழிந்தால் வால்வின் ஒருவழித் தடுப்பு பழுதாகி, பச்சைத்தண்ணீர் சுடுதண்ணீர்ப் பைப்புக்குள் ஏறியிருக்கக்கூடும். இரண்டு தண்ணீரும் ஒரே உயரத்துத் தொட்டியிலிருந்து வருமாறு மாற்றுவதுதான் சரியான தீர்வு.

சரி, வலையைக் கழுவிப் பூட்டியாயிற்று. இப்போதுதான் முக்கியமான சோதனை, இதை யாருமே செய்வதில்லை. நல்ல வெயில் அடித்த பின்னேரத்தில் ஷவரைத் திறந்து, தெர்மோமீற்றர் வைத்த கோப்பையில் பிடித்து 41 வருகிறதா பாருங்கள், இல்லையென்றால் கலக்கும் வால்வின் மூடியைக் கழற்றி உள்ளிருக்கும் திருகை மெதுவாகத் திருப்பி, ஒரு நிமிடம் விட்டு மறுபடி அளவெடுங்கள். பிறகு ஷவருக்குக் கீழே யாரும் நிற்காமல், பச்சைத்தண்ணீரை மட்டும் மூடுங்கள். சில விநாடிகளில் ஷவர் நின்றுவிட வேண்டும், அல்லது சொட்டாகக் குறைய வேண்டும். மேகமூட்டமான காலையில் செய்து ஏமாறாதீர்கள், உள்ளே வரும் சுடுதண்ணீர் ஷவர் சூட்டைவிட 10 பாகையாவது கூடுதலாக இருந்தால்தான் மெழுகு முழுதாக வேலை செய்யும். ஏப்ரல் சீசனுக்கு முன் ஒருமுறை, பெருமழை ஓய்ந்ததும் ஒருமுறை, வருடத்துக்கு இரண்டு தடவை போதும்.

மூடிய பிறகும் சுடுதண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தால் மெழுகு செத்துவிட்டது. அதே வகைக் கார்ட்ரிஜ், அதாவது மெழுகுக் குப்பியோடு வரும் உட்பாகம், கிடைத்தால் அதை மட்டும் மாற்றலாம். மாற்றும்வரை அந்த அறையின் சுடுதண்ணீரை மூடிவைத்து, விருந்தினருக்கு வாளியில் கலந்து கொடுங்கள், பச்சைத்தண்ணீரை முதலில் ஊற்றிய பிறகே சுடுதண்ணீர்.