டிடிஎஸ் 500 காட்டினால் அது கடின நீரா? கொதிக்க வைத்தால் சரியாகுமா?

அந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. டிடிஎஸ் மீட்டர் தண்ணீரின் மின்கடத்துதிறனை அளந்து, கரைந்துள்ள எல்லா உப்புகளுக்கும் சேர்த்து ஒரு தோராயக் கணக்கைத் தருகிறது. கடினத்தன்மைக்குக் காரணம் கால்சியமும் மக்னீசியமும்தான். சமையல் உப்பு கரைந்த தண்ணீரும் 500 காட்டும், ஆனால் சோப்பு நன்றாக நுரைக்கும்.

கடினத்தன்மை பார்க்கும் சொட்டுக் கிட் வாங்குங்கள். கிட்டில் உள்ள நிறங்காட்டியால் சிவப்பாகும் தண்ணீர் முழுசாக நீலமாகும் வரை ஒவ்வொரு சொட்டாக எண்ணி விடவேண்டும். ஊதா நிறத்திலேயே நிறுத்திவிட்டால் அளவு குறைத்துக் காட்டும். லிட்டருக்கு 180 மில்லிகிராமுக்கு மேல் என்றால் மிகக் கடினம்.

கொதிக்க வைத்தால் பைகார்பனேட்டால் வரும் கடினத்தன்மை மட்டும் போகும். பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவது அதுதான். சல்பேட், குளோரைடால் வரும் கடினத்தன்மை அப்படியே நிற்கும். அதற்கு ரெசின் (கால்சியம், மக்னீசியத்தைப் பிடித்துக்கொள்ளும் சிறு மணிகள்) உள்ள சாஃப்ட்னர், அதாவது தண்ணீரை மென்மையாக்கும் மெஷின் தேவை. உப்பு போட்டு ரெசினைப் புதுப்பிக்காமல் விட்டால் சில வாரங்களில் பழைய கதைதான். சாஃப்ட்னர் கால்சியத்துக்குப் பதிலாகச் சோடியத்தை விடுவதால் டிடிஎஸ் இறங்காது. மெஷின் கெட்டுவிட்டதென்று பலர் பதறுவது இதனால்தான்.

அடைத்துப்போன ஷவர் தலையைக் கழற்றி வினிகரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால் படிவு கரையும்.

முக்கியமாக, டிடிஎஸ் குறைவு என்று நம்பிக் குடிக்காதீர்கள். கிருமியும் ஈயமும் அந்த மீட்டரில் தெரியாது, ஆய்வகத்தில்தான் பார்க்கவேண்டும்.