செட்டிநாட்டுப் பழைய வீட்டில் முகப்புக்கு வரும் இணையத்தைப் பின்கட்டு வரை கொண்டுபோக மெஷ் வாங்கலாமா?

வீட்டில் பல வைஃபை பெட்டிகளை வைத்து ஒரே வலையாக இணைக்கும் மெஷ்ஷை விடுங்கள், முதலில் ஒரு சுருள் கேட் 6 நெட்வொர்க் கேபிள் வாங்குங்கள். ஃபைபர் முகப்பில் வருகிறது, நீங்கள் கோடிங் செய்ய உட்காருவது பின்கட்டில், நடுவில் வளவு என்ற திறந்த முற்றமும் இரண்டாங்கட்டும் என்கிறீர்கள். நம் செட்டிநாட்டு வீடுகள் பல ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறவை, சுவரோ செங்கலும் சுண்ணாம்புமாகத் தடித்தது, 5 கிகாஹெர்ட்ஸ் அலை அதில் இரண்டு சுவர் தாண்டினாலே பெரிது. கேபிள் இல்லாமல் வைத்தால் மெஷ் பெட்டிகளும் அதே சுவர்களைத் தாண்டித்தான் ஒன்றோடொன்று பேச வேண்டும்.

கேபிளுக்கு 100 மீட்டர் வரை கவலையில்லை. ஆனால் தயவுசெய்து சுவரைத் துளைக்காதீர்கள், அந்தப் பளபளப்பான பழைய பூச்சு பெயர்ந்தால் அதே மாதிரி பூசித்தர ஆள் கிடைப்பது கஷ்டம். தேக்கு உத்தரத்திலும் ஆணி வேண்டாம். எங்கள் வீட்டில் கதவுக்கு மேலே இருக்கும் வென்டிலேட்டர் கம்பிக்குள் நுழைத்து, தாழ்வாரத்து ஓரமாகவே நைலான் டையால் கட்டிக்கொண்டு போனேன். வளவு திறந்துதானே இருக்கிறது என்று குறுக்கே இழுத்துவிடாதீர்கள், வெயிலும் மழையும் போதாதென்று இடியும் இருக்கிறது. கரண்ட் வயரோடு சேர்த்தும் கட்ட வேண்டாம்.

கடையில் முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். கம்பியைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரிகிறதென்றால் அது செம்பு பூசிய அலுமினியம், வேண்டாம். கேபிள் நுனியில் பிளக்கை அழுத்திப் பொருத்தி கிரிம்ப் செய்தபின் வேகம் 100 எம்பிபிஎஸ்ஸிலேயே நிற்கிறதா? கிகாபிட்டுக்கு நான்கு ஜோடிக் கம்பியும் சேர வேண்டும், பெரும்பாலும் ஒன்று சரியாக உட்கார்ந்திருக்காது.

அப்புறம் பின்கட்டில் வைஃபைக்கு, அலமாரியில் கிடக்கும் பழைய ரூட்டரே போதும். அதன் முகவரியை 192.168.1.2 போல, முகப்பு ரூட்டரோடு மோதாதபடி மாற்றி, சாதனங்களுக்கு முகவரி கொடுக்கும் டிஹெச்சிபியை அதில் அணைத்து, கேபிளை லேன் துளையில் சொருகுங்கள். பெயரும் பாஸ்வேர்டும் முகப்பில் உள்ளதே இருக்கட்டும், 2.4 கிகாஹெர்ட்ஸ் சேனல் மட்டும் ஒன்றில் 1, இன்னொன்றில் 6 அல்லது 11.

ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியில் விளம்பரம் தடுக்கும் பை-ஹோல், கோடைச் சேமித்துவைக்கும் கிட் சர்வர் எல்லாம் போட ஆசை என்று எழுதியிருக்கிறீர்கள், தாராளமாகச் செய்யுங்கள், எனக்கும் அதில்தான் ருசி. ஒன்று மட்டும், பை-ஹோல் நின்றால், தளப் பெயருக்கு முகவரி தேடித்தரும் டிஎன்எஸ்ஸும் நின்று வீடு முழுக்க இணையம் போன மாதிரி ஆகிவிடும், அதனால் முகப்பு ரூட்டருக்கு வைக்கும் யுபிஎஸ்ஸிலேயே அதையும் சேர்த்துவிடுங்கள்.