வட்டியை யார் கட்டுவது?

கேள்வி: மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு, விசைப்படகு இன்ஜின் பட்டறையில் வேலை பார்க்கிறேன். என் செட்டுப் பையன்கள் எல்லாம் துபாய், சிங்கப்பூர் போய்விட்டார்கள். 'படிச்ச புள்ள கிரீஸும் டீசலுமா கிடக்குறான்' என்று சொந்தக்காரர்கள் அம்மாவிடம் சொல்லிச் சொல்லி, அம்மா நகையை அடகு வைத்து துபாய் ஏஜென்ட்டுக்கு ஒன்றரை லட்சம் கட்டத் தயாராகிவிட்டார். எனக்குப் போக மனமில்லை. ஊருக்காகப் போகத்தான் வேண்டுமா?
- ஒரு வாசகர், தொண்டி

பதில்: ஊருக்காக என்றால் வேண்டாம், தம்பி. அடகுக்கடை வட்டியை ஊர் கட்டாது.

கிரீஸ் படிந்த கை கேவலம் என்று யார் சொன்னது? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலத்தின் 61 நாளும் உங்கள் கடற்கரையில் படகுகள் மராமத்துக்கு நிற்கும். இன்ஜினை இறக்கி, ரிங் மாற்றி, பம்ப், நாசில் பார்த்து நீங்கள் ஏற்றிக் கொடுத்தால்தான் தடை முடிந்ததும் படகு கடலுக்குப் போகும். பாக் நீரிணையில் நடுராத்திரி இன்ஜின் நின்றால், காற்றும் நீரோட்டமும் படகை எல்லைக்கு அந்தப்பக்கம் தள்ளிவிடும். பிறகு இலங்கைக் கடற்படை, வழக்கு, சிறை. அந்த வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள், நல்ல மெக்கானிக்கின் அருமையை அவர்கள் சொல்வார்கள்.

ஆனால் ஒன்று. அம்மாவையும் ஊரோடு சேர்த்துவிட்டீர்களே, அது சரியில்லை. சொந்தக்காரர் பேசுவது வெறும் பேச்சு. அம்மாவுக்கோ தீராத கடன் இருக்கலாம், தங்கை கல்யாணம் இருக்கலாம். கடிதத்தில் உங்கள் சம்பளத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. தடைக்காலத்தில் எவ்வளவு வருகிறது, ஐப்பசி கார்த்திகையில் படகு கட்டிக் கிடக்கும்போது எவ்வளவு என்று நோட்டில் எழுதி அம்மாவிடம் காட்டுங்கள். குடும்பத்துக்கு அது போதாது என்று தெரிந்து, நீங்களே முடிவெடுத்துத் துபாய் போனால் அதில் குறை சொல்ல எதுவுமில்லை. போக மனமில்லாதது பட்டறைமேல் உள்ள பிடிப்பாலா, புது இடத்துப் பயத்தாலா என்பதையும் உங்களுக்குள் கேட்டுக்கொள்ளுங்கள். பயம்தான் என்றால், அதற்குத் தொழில்பற்று என்று பெயர் வைக்காதீர்கள்.

எதுவானாலும் நகை இப்போது பெட்டியிலேயே இருக்கட்டும். மத்திய அரசில் பதிவு பெற்ற ஏஜென்ட், வேலைக்குப் போகிறவரிடம் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். ஒன்றரை லட்சம் கேட்பவரிடம் முதலில் பதிவு எண்ணைக் கேளுங்கள். மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் அந்த எண் இருக்கிறதா என்று அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பாருங்கள்.