பிலிப்பைன்ஸ் மனைவியுடன் ஊர் திரும்புகிறேன்: எந்த விசா, எந்தப் பதிவு?

கேள்வி: நான் பொள்ளாச்சியைச் சேர்ந்தவன், இந்து. துபாயில் பல ஆண்டுகளாக வேலை பார்த்து வருகிறேன். அங்கே செவிலியராகப் பணியாற்றும் பிலிப்பைன்ஸ் நாட்டுப் பெண்ணை 2024 நவம்பரில் அவருடைய ஊரான சிபுவில் நீதிபதி முன்னிலையில் மணந்துகொண்டேன். அவர் கத்தோலிக்கர்; மதம் மாறும் எண்ணம் இருவருக்குமே இல்லை. தாயாரின் உடல்நிலை காரணமாக இருவரும் ஊர் திரும்ப முடிவு செய்திருக்கிறோம். 'சுற்றுலா விசாவில் அழைத்து வா. கோயிலில் தாலி கட்டி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக நடக்கும்' என்கிறார்கள் உறவினர்கள். இந்தியக் குடியுரிமை வாங்கினால்தான் எங்கள் தென்னந்தோப்பில் அவருக்கு உரிமை உண்டு என்கிறார் சித்தப்பா. அவர் இங்கே வேலை பார்க்க முடியுமா? பிறக்கப்போகும் குழந்தை எந்த நாட்டுக் குடிமகன்?

பதில்: தங்கள் உறவினர்கள் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் அவர்கள் சொல்லும் வழியில் இறங்கினால், இப்போது எந்தக் குறையும் இல்லாத தங்கள் திருமணத்தின் மீது தாங்களே ஒரு குழப்பத்தை ஏற்றி வைத்தவர்கள் ஆவீர்கள்.

முதலில் திருமணத்தை எடுத்துக்கொள்வோம். சிபுவில் அந்நாட்டுச் சட்டப்படி நடந்து, அங்கே பதிவாகியுள்ள தங்கள் திருமணம் செல்லத்தக்கது. அதை இங்கே மறுபடி நடத்தவேண்டிய தேவை எதுவும் இல்லை. வீட்டார் மனநிறைவுக்காகக் கோயிலில் சடங்கு செய்துகொள்வதைச் சட்டம் தடுக்கவில்லை. அதையே திருமணமாகக் காட்டி இந்து திருமணச் சட்டம், 1955-இன் கீழ் பதிவு செய்ய விண்ணப்பிப்பதுதான் கூடாது. அந்தச் சட்டம் மணமக்கள் இருவரும் இந்துக்களாக இருக்கும் திருமணத்துக்கு மட்டுமே உரியது. சுயமரியாதைத் திருமணத்துக்கு வழிசெய்யும் தமிழ்நாட்டுத் திருத்தமும் அப்படியே. இந்து ஒருவரும் கிறிஸ்தவர் ஒருவரும் அச்சட்டத்தின்படி செய்துகொண்ட திருமணம் செல்லாது என்று ஆந்திராவிலிருந்து சென்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008 டிசம்பரில் தீர்ப்பளித்திருக்கிறது. மனைவியின் மதத்தை மறைத்துப் பெறும் பதிவுச் சான்றிதழ், தேதி மாறிய இரண்டாவது திருமணம் ஒன்றையும் ஆவணத்தில் உண்டாக்கிவிடும். பிறகு எந்த அதிகாரி எந்தச் சான்றிதழை நம்புவார்?

தங்களுக்குத் தேவையானது, பிலிப்பைன்ஸ் புள்ளியியல் ஆணையம் வழங்கும் திருமணச் சான்றிதழும், அதன் மேல் அந்நாட்டு வெளியுறவுத் துறை இடும் அப்போஸ்டில் முத்திரையும் (ஓர் ஆவணத்தைப் பிற உடன்படிக்கை நாடுகளும் ஏற்கச் செய்யும் சான்று முத்திரை)தான். 2019 மே 14 முதல் பிலிப்பைன்ஸ் அப்போஸ்டில் உடன்படிக்கையில் இருக்கிறது. இந்தியா அதற்கு முன்பே சேர்ந்துவிட்டது. ஆகவே தூதரகச் சான்றொப்பத்துக்காக அலைய வேண்டியதில்லை. மனைவியின் பிறப்புச் சான்றிதழுக்கும், செவிலியர் படிப்புச் சான்றிதழ்களுக்கும் சேர்த்தே அப்போஸ்டில் பெற்றுவிடுங்கள். பொள்ளாச்சிக்கு வந்தபிறகு மணிலாவிலிருந்து அவற்றை வரவழைப்பது மிகுந்த சிரமம்.

சிறப்புத் திருமணச் சட்டம், 1954-இன் மூன்றாம் அத்தியாயத்தின் கீழ், வேறு முறையில் ஏற்கெனவே நடந்த திருமணத்தையும் இங்கே பதிந்துகொள்ள வழி உண்டு. ஆனால் அதன் பின்விளைவைத் தெரிந்துகொண்டு செய்ய வேண்டும். அப்படிப் பதிவானால், பதிவு செய்த நாள் முதல் அது அச்சட்டத்தின்படி நடந்த திருமணமாகவே கருதப்படும். மனைவி இந்து அல்லாதவர் என்பதால், 19-ஆம் பிரிவின்படி தாங்கள் இந்துக் கூட்டுக்குடும்பத்திலிருந்து பிரிந்தவராகிவிடுவீர்கள். தங்கள் பங்கு பறிபோகாது, ஆனால் கூட்டுக்குடும்ப உறவு முறிந்துவிடும். 21-ஆம் பிரிவின்படி தங்கள் சொத்து இந்து வாரிசுரிமைச் சட்டத்தை விட்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925-க்குள் போய்விடும். தாங்கள் உயில் எழுதாமல் காலமானால், இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி தாயார், மனைவி, பிள்ளைகள் அனைவரும் சம பங்கு பெறுவார்கள். 1925-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியோ மனைவிக்கு மூன்றில் ஒன்று, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு, பிள்ளைகள் இருக்கும்வரை தாயாருக்கு எதுவும் இல்லை. தாயாருக்காகவே ஊர் திரும்பும் தாங்கள் இதை அறியாமல் கையெழுத்திட்டுவிடக் கூடாது. எப்படிப் பதிந்தாலும், பதியாமல் விட்டாலும், தங்கள் தனிச்சொத்துக்கும் பங்குக்கும் தெளிவான உயில் ஒன்றை எழுதிப் பதிவு செய்து வைப்பதையே நான் வலியுறுத்துவேன்.

சித்தப்பாவின் கருத்து சரியல்ல. மனைவி இந்துவாகவோ இந்தியக் குடிமகளாகவோ இல்லை என்பதற்காக வாரிசுரிமை மறுக்கப்படுவதில்லை. வெளிநாட்டுவாழ் இந்தியக் குடியினர் என்ற ஓசிஐ அட்டை (தங்கள் மனைவியும் பின்னர் இதைப் பெறலாம், கீழே சொல்கிறேன்) பெற்றவர்கள் விவசாய நிலத்தையோ தோட்டத்தையோ விலைக்கு வாங்க முடியாது என்பது உண்மை. ஆனால் வாரிசாக அதை அடைவதற்குத் தடை இல்லை.

இனி விசா. சுற்றுலா விசாவை நீட்டிப்பதற்கும், வேறு விசாவாக மாற்றுவதற்கும் பொதுவாக இடமில்லை. அந்த விசாவில் இருக்கும்போதே இந்தியரை மணப்பவர்களுக்கு உள்ள விலக்கு, ஏற்கெனவே மணமான தங்களுக்குப் பொருந்தாது. அதற்காகக் கோயில் சடங்கைப் புதுத் திருமணமாகக் காட்டலாம் என்று யாராவது யோசனை சொன்னால், அது பொய்த் தகவல் கொடுத்து அனுமதி பெறும் குற்றம் என்பதை அவர்களிடம் சொல்லிவிடுங்கள். இந்தியக் குடிமக்களின் வாழ்க்கைத்துணைக்கு வழங்கப்படும் எக்ஸ் விசா எனும் நுழைவு விசாவுக்கு அமீரகத்திலுள்ள இந்தியத் தூதரகத்தின் வழியாக விண்ணப்பிப்பதே நேரான வழி. மனைவியின் அமீரக வசிப்பு உரிமத்தை ரத்து செய்வதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். ரத்தான பிறகு அவர் மணிலா சென்று விண்ணப்பிக்க நேரிடலாம். அப்படி நேர்ந்து மணிலாவிலிருந்து புறப்பட்டால், வெளிநாட்டவரை மணந்து குடியேறப்போகும் பிலிப்பைன்ஸ் நாட்டவர்களுக்கென்று வெளிநாடுவாழ் பிலிப்பினோக்கள் ஆணையம் நடத்தும் ஆலோசனை வகுப்பில் கலந்துகொண்ட சான்றிதழை அங்கே விமான நிலையத்தில் கேட்பார்கள்.

விசா 180 நாளுக்கு மேற்பட்டதாக இருந்தால், இந்தியா வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் இணையவழியாகப் பதிவு செய்ய வேண்டும். 1946-ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டம் போய், 2025 செப்டம்பர் 1 முதல் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. விசாக் காலம் கடந்து தங்குவதும், பதிவைத் தவறவிடுவதும் இலேசாக எடுத்துக்கொள்ளப்படுவதில்லை.

எக்ஸ் விசாவில் இருக்கும்வரை அவர் உரிய அனுமதியின்றி ஊதியத்துக்கு வேலை பார்க்க இயலாது. 'தெரிந்த மருத்துவமனைதான், கையில் பணம் வாங்கிக்கொள்ளட்டும்' என்று யார் சொன்னாலும் இணங்க வேண்டாம். திருமணம் பதிவாகி இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து நிலைத்திருந்தால், குடியுரிமைச் சட்டத்தின் 7அ பிரிவின்படி, பாதுகாப்பு விசாரணைக்குப் பிறகு அவர் ஓசிஐ அட்டை பெறலாம். தங்களுக்கு அந்த இரண்டு ஆண்டுகள் 2026 நவம்பரில் நிறைவடைகின்றன. சிபு சான்றிதழையே அடிப்படை ஆவணமாக முன்வையுங்கள். இங்கே புதிதாக வாங்கிய சான்றிதழை முன்வைத்தால் அதன் தேதியிலிருந்து எண்ணத் தொடங்குவார்கள். அட்டை கிடைத்தபின் அவர் காலவரம்பின்றித் தங்கலாம், வேலை பார்க்கலாம். செவிலியராகப் பணியாற்ற மாநிலச் செவிலியர் மன்றத்தில் பதிவும் பெற வேண்டும். கணவர் காலமாவது அந்த அட்டை ரத்தாவதற்குக் காரணமாகச் சட்டத்தில் சொல்லப்படவில்லை. நீதிமன்றத்தின் மூலமோ வேறு வகையிலோ திருமணம் முறிவதும், அத்திருமணம் நீடிக்கும்போதே வேறொருவரை மணப்பதும்தான் சொல்லப்பட்டிருக்கின்றன. இந்தியாவில் தங்கும் உரிமை முழுவதும் தங்கள் ஒருவரின் கையெழுத்தைச் சார்ந்திருக்கும் நிலையிலிருந்து மனைவியை விடுவிப்பது இந்த அட்டைதான் என்பதால், ஒரு நாளும் தள்ளிப்போடாமல் விண்ணப்பியுங்கள்.

குடியுரிமைக்கு அவசரம் வேண்டாம். இந்தியரை மணந்தவர் ஏழு ஆண்டுகள் இங்கே வசித்த பிறகே அதற்கு விண்ணப்பிக்க முடியும். வெளிநாட்டவரை மணப்பதால் மட்டும் ஒருவர் பிலிப்பைன்ஸ் குடியுரிமையை இழப்பதில்லை என்று அந்நாட்டு அரசியலமைப்பு சொல்கிறது. இந்தியக் குடியுரிமைக்காக அதைத் துறந்துவிட்டால், அங்கே நிலம் வைத்துக்கொள்ளும் உரிமை பெரிதும் சுருங்கும். அந்நாட்டின் 2003-ஆம் ஆண்டு 9225-ஆம் எண் சட்டப்படி அதைத் திரும்பப் பெறலாமே என்று தோன்றலாம். அப்படிப் பெற்றால் நம் குடியுரிமைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவின்படி இந்தியக் குடியுரிமை போய்விடும்.

அன்றாட வாழ்க்கைக்கான ஆவணங்களில் இரண்டை மட்டும் சொல்கிறேன். கடந்த 12 மாதங்களில் 182 நாள் இங்கே தங்கியிருந்தால் அவர் ஆதார் பெறலாம். வங்கிக் கணக்கை அவர் பெயரிலேயே தொடங்குங்கள். அவர் பெற்றோருக்கு மாதந்தோறும் பணம் அனுப்பும் வழக்கம் இருந்தால் நிறுத்த வேண்டியதில்லை. தாராளமயப் பணம் அனுப்பும் திட்டத்தின்கீழ் இங்கே வசிக்கும் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம்.

பெயர் விஷயத்தில் எச்சரிக்கை தேவை. கணவர் பெயரைச் சேர்த்துக்கொள்வது பிலிப்பைன்ஸ் சட்டப்படி மனைவியின் விருப்பமே தவிர, கட்டாயம் அல்ல. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தங்கள் பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் இருப்பது தங்கள் தந்தையார் பெயராகத்தான் இருக்கும். அதை அவர் பாஸ்போர்ட்டில் ஏற்றினால், படிப்புச் சான்றிதழ் ஒரு பெயரிலும் மற்றவை வேறு பெயரிலும் நின்று, செவிலியர் மன்றத்திலேயே முதல் தடங்கல் வரும். அவர் தம் பெயரிலேயே இருக்கட்டும். பாஸ்போர்ட்டும் அவர் கையிலேயே இருக்கட்டும். 'பத்திரமாக' மாமியார் பீரோவில் பூட்டி வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு, அது வேண்டாம்.

இந்தியாவில் பிறக்கும் தங்கள் குழந்தை, பெற்றோரில் ஒருவர் இந்தியர், மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறியவர் அல்லர் என்ற நிபந்தனையின் பேரில் பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். மனைவியின் விசா காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ள இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை. தாய் பிலிப்பைன்ஸ் குடிமகள் என்பதால் அந்நாட்டுச் சட்டமும் குழந்தையைத் தன் குடிமகனாகவே கொள்ளும். பிறப்பை இங்கே 21 நாளுக்குள் பதிந்துவிடுங்கள். இந்திய பாஸ்போர்ட் எடுத்த குழந்தைக்குப் பிலிப்பைன்ஸ் பாஸ்போர்ட்டும் எடுக்கும் எண்ணம் வந்தால், விண்ணப்பிக்கும் முன் தங்கள் வழக்கறிஞரை நேரில் பாருங்கள்.